டயலும் மூலபாடமும்

‘ஒரிஜினல் டயலா?’ என்பதுதான் முதல் கேள்வி. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் அது ஓடுகிறதா, மணி சரியாகக் காட்டுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. டயல் அதனுடையதுதானா, மறுபடி பெயிண்ட் அடித்ததா, முட்கள் வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்து மாட்டியவையா, முதுகுப் பக்கத்து எண்ணும் உள்ளே இருக்கும் மெஷினும் பொருந்துகின்றனவா என்பவைதான் விசாரணை. இப்படி விசாரித்த நண்பர் சில வருடங்களுக்கு முன்பு வரை கைபேசியில் மணி பார்த்தவர். ஆசிரியனின் மரணம் பற்றி இரண்டு மணி நேரம் விடாமல் பேசக்கூடியவர். பிரதிக்கு மூலம் கிடையாது, மையம் கிடையாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடிகாரம் என்று வந்துவிட்டால் மூலம், தூய்மை, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த முதல் கணம் என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிடுகிறார். அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. இதே வியாதி எனக்கும் இருந்தது. ஏன் இருந்தது என்று யோசித்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

பேச்சு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.எம்.டி. ஜனதா. கையால் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம், 17 கற்கள், சுமார் 35 மில்லிமீட்டர் விட்டம். கற்கள் என்றால் நவரத்தினம் இல்லை. சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் செயற்கை மாணிக்கம். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. ஜனதாவுக்குள் ஓடும் மெஷினும் சிட்டிசன் வடிவமைப்பின் வழிவந்ததுதான். அதாவது நாம் ‘ஒரிஜினல்’ என்று கும்பிடுவதே ஜப்பானிய மெஷின் ஒன்றின் கன்னட மண்ணுப் பெயர்ப்பு. இதை நண்பரிடம் சொன்னபோது, ‘அது வேற விஷயம்ப்பா’ என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அந்தக் கடிகாரங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு தேசத்தின் சொல்லாடல் கிடைத்துவிடும். ஜனதா, ஜவான், பைலட், கோஹினூர், காஞ்சன், சோனா. மக்கள், ராணுவம், ஆகாயம், வைரம், தங்கம். ‘தேசத்தின் நேரம் காப்பவர்’ என்று அந்த நிறுவனம் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. ஆலைச் சங்கின் நேரம் தொழிலாளியின் உடம்புக்குள் எப்படி இறக்கப்பட்டது என்பதை இ.பி. தாம்ஸன் 1967இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். இங்கே அந்த வேலையை அரசாங்கமே ஏற்று, அதைச் சோஷலிசம் என்றும் சொல்லிக்கொண்டது. ஜனதா டயல்களில் ஒரு வகையில் பெயர் தேவநாகரி எழுத்தில் இருக்கும். 1965க்குப் பிறகான தமிழ்நாட்டில், ரூபாய் நோட்டை விட்டுவிட்டால், விரும்பிப் பணம் கொடுத்து உடம்பில் ஏற்றிக்கொண்ட இந்தி எழுத்து ஒருவேளை இது ஒன்றாகத்தான் இருக்கும். கட்டியவர்கள் அதை எழுத்தாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் ஒரு பூவேலை, அவ்வளவுதான்.

ஆனால் அது தேசத்தின் நேரம் மட்டும் காட்டவில்லை. முதல் சம்பளம், கல்யாண மோதிரத்தோடு சேர்த்துக் கேட்கப்பட்ட வாட்ச், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் கழுத்து மாலையோடு கிடைத்த பெட்டி, ஆடி மாதக் கஷ்டத்தில் அடகுக்கடைக்குப் போய்த் தையில் திரும்பி வந்தது. ஒரு கடிகாரம் இத்தனையும் பார்த்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே வரக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பட்டியலில் கைக்கடிகாரம் இல்லை. அன்று அது கிராமத்துக்கு வந்திருக்கவில்லை. ஆனால் தடையின் தர்க்கத்தைப் பாருங்கள். ஒருவன் தன் உடம்பில் எதை ஏற்றிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்பதுதான் அதன் விஷயம். நாற்பது ஐம்பது வருஷம் கழித்து அதே மாவட்டத்துச் சேரியிலிருந்து படித்து வேலைக்குப் போன ஒருவர் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு மணிக்கட்டில் ஜனதாவைக் கட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்திருந்தால், அவர் காட்டியது மணி மட்டுமல்ல என்று சொல்லத் தேவையில்லை. அவர் டயலில் கீறல் விழுந்தால் புது டயல் போட்டிருப்பார். கண்ணாடி மங்கினால் மாற்றியிருப்பார். பளபளப்புதான் அவருக்கு வேண்டியது. ‘பழமையின் நிறம்’ அவருக்குத் தேவைப்படவில்லை. பழமையிலிருந்து வெளியே வரத்தான் அவர் அதைக் கட்டினார்.

இன்றைக்கு ‘விண்டேஜ்’ என்ற பெயரில் நடக்கும் ரசனை இதற்கு நேர் எதிரானது. இதில் கீறலுக்கு விலை உண்டு. மங்கலுக்கு விலை உண்டு. கறுப்பு டயல் வெயில் பட்டுப் பழுப்பாகிப்போனால் அதற்கு ‘டிராப்பிக்கல்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாறாத டயலைவிட அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. டிராப்பிக்கல் என்றால் வெப்ப மண்டலம். அதாவது நம்முடைய ஊர். நம் ஊரில் உண்மையாகவே வெயிலும் வேர்வையும் ஈரமும் தின்ற டயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை ஜெனீவா ஏலக் கண்ணாடிப்பெட்டியில் இருக்கும் காபிக்கொட்டை நிறத்தில் இருப்பதில்லை. பூஞ்சை பிடித்து, எண்கள் உதிர்ந்து, அம்மைத் தழும்பு போல இருக்கும். வெப்பமண்டலத்தின் பெயர் அவர்களுக்கு அழகாகிவிட்டது. வெப்பமண்டலத்துக் கடிகாரம் மட்டும் குப்பை. 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா ஒன்று 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த வகை டயல் புதிதாக வந்த காலத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்தது என்பார்கள். பத்துப் பேர் வேண்டாம் என்று ஒதுக்கியது அபூர்வமாகி, அபூர்வம் மூலமாகி, மூலம் மூலதனமானது.

பூத்ரியா 1968இல் எழுதிய பொருட்களின் அமைப்பு பற்றிய நூலில் பழம்பொருட்களைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். பழம்பொருள் எதற்கும் பயன்படுவதில்லை, குறிப்பதுதான் அதன் வேலை, அது காலத்தைக் குறிக்கிறது என்கிற மாதிரி அவர் வாதம் போகும். கடிகாரத்தை வைத்து யோசித்தால் இது கொஞ்சம் விபரீதமாகிறது. காலத்தைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று, காலத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, காலத்தைக் குறிக்க ஆரம்பிக்கிறது. அலமாரியில் நாற்பது கடிகாரம் வைத்திருக்கிறவர் வீட்டில் நாற்பதும் நாற்பது மணி காட்டிக்கொண்டு நிற்கும். பூத்ரியா சரிதான், சேகரிப்பவரைப் பொறுத்தவரை. தினமும் ஒன்றையே கட்டுகிறவரைப் பற்றி அவரிடம் அதிகம் கிடைக்காது. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன் சாவி கொடுப்பது, ஒரு நாளைக்கு அரை நிமிஷம் பிந்துகிறது என்று தெரிந்து அதற்கேற்ற மாதிரி பஸ்ஸுக்குக் கிளம்புவது, மழை வந்தால் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது, இதெல்லாம் வெறும் குறிகளின் விளையாட்டு இல்லை. மணிக்கு 18,000 அடி, நாளைக்கு 4,32,000. அவ்வளவு அடித்தால் தேயும். தேய்ந்தால் யாராவது திறந்து பார்த்தாக வேண்டும். கட்டுகிற கடிகாரத்துக்கும் வைத்திருக்கிற கடிகாரத்துக்கும் வித்தியாசம் இதுதான்: கட்டுகிற கடிகாரத்துக்கு ரிப்பேர்காரர் வேண்டும்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் வேறொரு ஞாபகம் வரும். ‘ஒரிஜினல் டயலா’ என்ற கேள்வியை நாங்கள் வகுப்பறையில் வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தோம். இது மூலபாடமா, இடைச்செருகலா? தொல்காப்பியத்தில் எந்த நூற்பா பின்னால் வந்தது, எந்த அடியை ஏடெழுதுகிறவன் நுழைத்தான். இடைச்செருகல் என்று நிரூபித்துவிட்டால் அந்த அடிக்கு அன்றோடு மரியாதை போயிற்று. அதை நுழைத்தவன் யார், எதற்காக நுழைத்தான், எந்தச் சபையில் படித்துக் காட்ட நுழைத்தான் என்ற கேள்விகளுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. பனையோலை நிரந்தரம் இல்லை என்பதை மறந்துவிட்டுத்தான் இப்படிப் பேச முடியும். பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், செல்லரித்துப் போகும். பெயர்த்து எழுதினால்தான் பிழைக்கும். பெயர்த்து எழுதுகிற ஒவ்வொருவனும் எழுத்துப்பிழை விட்டான். புரியாத சொல்லுக்குப் பதில் புரிந்த சொல்லைப் போட்டான். சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பினான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததென்றால், அந்த ஏடுகள் அத்தனையும் இப்படிப்பட்ட கைகளின் வழியாக வந்தவை என்று அர்த்தம். பிழை விட்ட கை இல்லாவிட்டால் ஒப்பிட ஏடே இருந்திருக்காது. ஆற்றோடு போன ஏடுகளில் பாடபேதம் எதுவும் இல்லை; அவை தூய்மையாகவே போய்ச்சேர்ந்தன.

கடிகாரத்தில் இந்த ஏடெழுதும் கை யாருடையது? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடைப் படியோரம், கண்ணாடிப் பெட்டி ஒன்றை மேஜையாக வைத்து, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவருடையது. கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல், சாமணம், ஊதும் ரப்பர்ப் பந்து, செத்துப்போன கடிகாரங்கள் நிறைந்த தகர டப்பா. அந்த டப்பாதான் அவருடைய நூலகம். ஒன்றிலிருந்து பேலன்ஸ் வீலை எடுத்து இன்னொன்றில் போடுவார். முள் உடைந்தால் கிடைக்கிற முள்ளை நறுக்கிப் போடுவார். சேகரிப்பாளர்களின் பேச்சில் இவருக்கு இடமே இல்லை; இருந்தால் குற்றவாளிக் கூண்டில்தான் இடம். உறுப்பு மாற்றப்பட்ட கடிகாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன். பிணங்களின் உறுப்புகளைத் தைத்துச் செய்த பிராணி. உயிரோடு வைத்திருந்ததற்கு இப்படி ஒரு பட்டம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஒரு வசதியான இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன்: மூலம் என்று ஒன்றுமில்லை, எல்லாமே இடைச்செருகல், எனவே எல்லாமே சமம். தொண்ணூறுகளிலிருந்து நம்மில் பலர் போய் இறங்குகிற ஸ்டேஷன் அது. ஆனால் கையில் காசு கொடுத்து ஏமாந்தவனுக்கு அங்கே இறங்க முடியாது.

நான் முதலில் வாங்கிய ஜனதா ஆரஞ்சு நிறம். படத்தில் பார்த்து வாங்கினேன். ஜனதாவில் அப்படி ஒரு நிறம் இருந்திருக்காது என்பதெல்லாம் அப்போது தெரியாது. இந்திய விண்டேஜ் கடிகாரம் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனையாகும் ஒரு வகை இருக்கிறது. பெரும்பாலும் மும்பையிலிருந்து கிளம்புவதால் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். பழைய டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கிற நிறம் பூசி, பெயரை மறுபடி அச்சடித்து, கிடைத்த மெஷினை உள்ளே வைத்து அனுப்புவது. எச்.எம்.டி. மட்டுமில்லை, ஃபாவர் லூபா போன்ற பெயர்களும் இதில் அகப்பட்டுக்கொண்டன. கொஞ்சம் பழகினால் கண்டுபிடித்துவிடலாம். எழுத்தின் ஓரம் தடித்திருக்கும். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் பாதியில் நிற்கும். வினாடி முள் வேறு காலத்தைச் சேர்ந்ததாக இருக்கும். என்னுடையது பதினோரு நாள் ஓடியது. ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

‘மேல பெயிண்ட் அடிச்சவன் உள்ள ஒரு சொட்டு எண்ணெ உடலியே சார்.’

பல புத்தகங்களைப் படித்து நான் வந்துசேராத இடத்தை இந்த ஒரு வாக்கியம் காட்டியது. அவரும் டயலுக்குப் பெயிண்ட் அடித்து வாங்கித் தருகிறவர்தான். அவரும் முள் மாற்றுகிறவர்தான். செய்கை ஒன்றுதான். ஆனால் அவர் மாற்றுவது கட்டப்போகிறவனின் கண்ணுக்காக. திரும்ப அதே ஆள் அதே கடிகாரத்தோடு வந்து அவர் முன்னால் நிற்பான் என்ற பயத்தோடு. ஆரஞ்சு டயல் அடித்தவன் மாற்றியது படத்தில் பார்க்கப்போகிற கண்ணுக்காக. அவன் முன்னால் யாரும் திரும்ப வந்து நிற்கப்போவதில்லை. மூலமா போலியா என்ற எதிர்வு இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப்போடுகிறது. எல்லாம் பிரதிதான் என்ற தத்துவமும், வேறு வழியில், அதையே செய்கிறது. மாற்றம் யாருடைய பார்வைக்காகச் செய்யப்பட்டது, மாற்றியவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேட்டால்தான் இரண்டும் பிரிகின்றன. ஏடு பெயர்த்தவனுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஓதுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுதியவன் வேறு. பழமைக்குப் பழமை சேர்க்க ஒரு பாட்டைக் கட்டி உள்ளே தள்ளியவன் வேறு. இடைச்செருகல் என்ற ஒரே சொல்லால் இருவரையும் அடிக்கிறோம்.

ஆரஞ்சு அடித்தவனையும் முழுக்கத் திட்டிவிட முடியவில்லை. டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வர ஆரம்பித்த பிறகு சாவி கொடுக்கும் கடிகாரத்தின் கதை முடியத் தொடங்கியது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடும் முடிவை மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் எடுத்தது. தொழிற்சாலை உதிரிப்பாகம் தராத நிலையில், வாடிக்கையாளனும் வராத நிலையில், டப்பாவில் இருக்கும் பிணங்களை வைத்து வேறென்ன செய்வான்? யாரோ தூரதேசத்தில் நிறத்துக்குப் பணம் தருகிறான். இதை ஏமாற்று என்று சொல்லலாம். நான் ஏமாந்தவன், எனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதே தூரதேசத்துக்காரன் ‘இந்தியர்கள் கடிகாரங்களைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதுவதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. கெடுப்பதற்கு இத்தனை கடிகாரம் இங்கே எப்படி மிச்சம் இருந்தது என்று அவன் கேட்டுப் பார்க்கவில்லை.

தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும்போது கை என்ன உணர்கிறது என்று கவனியுங்கள். மணல் அரைவது போல் இருந்தால் வேண்டாம். முகத்தைக் கடைசியில் பாருங்கள். அறுபதுகளுக்கு முந்திய, இருட்டில் ஒளிர்வதற்கென்று எண்ணில் பூச்சுள்ள கடிகாரமாக இருந்தால் வீட்டில் நீங்களாகத் திறந்து சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதில் நிஜமான ரேடியம் இருக்கக்கூடும். பளபளப்பு மங்கிப் பல வருடம் ஆகியிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அமெரிக்காவில் 1920களில் டயலுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். சைக்கிளிலும் லாரியிலும் ஒட்டுகிற ஒளிரும் ஸ்டிக்கரைத் தமிழில் இன்றும் ரேடியம் என்றுதான் சொல்கிறோம். பொருள் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ஜனதா வாங்குகிறவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. அதன் சாதாரண டயலில் ஒளிரும் பூச்சே கிடையாது.

இரண்டாவதாக வாங்கியதைத்தான் இப்போது கட்டுகிறேன். அது அந்த ரிப்பேர்காரர் பெட்டியிலேயே கிடந்தது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராமல் போனது. பல வருஷம் பார்த்துவிட்டு, வைத்த கூலிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். டயல் அசல். மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே பழுப்பேறி, நான்கும் ஐந்தும் இருந்த இடம் தெரியாது. முட்களின் முலாம் போய் அவையும் அதே பழுப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. நண்பர்கள் பார்த்துப் பரவசப்பட்டார்கள். ‘இதைத் தொட்டுடாதே’ என்றார் டயல் விசாரணை நண்பர். இதை மாற்றினால் கொலைக்குச் சமம் என்கிற முகத்தோடு.

எட்டு மாதம் அப்படியே கட்டினேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பஸ்ஸுக்குள் மணி பார்க்க முடியாது. முள் எங்கே, கறை எங்கே என்று தெரியாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பேன். அவர் என் கையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சொல்வார். எண்ணெய் போடக் கொண்டுபோனபோது ரிப்பேர்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

‘மணி தெரியுதா சார் இதுல?’

‘சாயந்தரத்துல தெரியாது.’

‘அப்ப எதுக்கு சார் கட்டுறீங்க?’

அவர் கேள்வியில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் பழமை, காலத்தின் தடம் என்று ஏதோ ஆரம்பித்தேன். பாதியிலேயே என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. இதை முதன்முதலில் கடையில் வாங்கிக் கட்டியவர் இந்தக் கறையைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். டயலைத் தொட மனசு வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். முட்களை மட்டும் மாற்றச் சொன்னேன். தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். ஜனதா முள் இல்லை. வேறு ஏதோ கம்பெனிக் கடிகாரத்தின் கறுப்பு முட்கள் இரண்டை எடுத்து, நிமிட முள்ளை நுனியில் ஒரு மயிரிழை கத்தரித்து, பொருத்திக் கொடுத்தார். நாற்பது ரூபாய் கேட்டார். பழைய முட்களை ஒரு காகிதத்தில் மடித்துத் தரட்டுமா என்றார். டப்பாவிலேயே போட்டுவிடச் சொன்னேன்.

நண்பர் அடுத்த கூட்டத்தில் பார்த்துவிட்டு, ‘கெடுத்துட்டியே’ என்றார். அப்போது மணி ஐந்தே முக்கால். நன்றாகத் தெரிந்தது.